புதிய அமெரிக்க இண்டி படங்கள்: முதல் பாதி அசத்தல், மீதி ஏன் இழுக்கிறது?

பின்வரிசை | 9 மார்ச் 2025

ஆஸ்கர் முடிந்த கையோடு வரிசையாகப் பார்த்த இண்டி படங்கள், அதாவது பெரிய ஸ்டூடியோ இல்லாமல் குறைந்த காசில் எடுத்தவை: ‘அனோரா’, ‘தி புரூட்டலிஸ்ட்’, ‘சிங் சிங்’, ‘குட் ஒன்’, ‘ஜேனட் பிளானட்’. எல்லாவற்றின் மேலும் ஒரே புகார்தான். நடிப்பு பிரமாதம், ஒளிப்பதிவு பிரமாதம், முதல் அரைமணி பிரமாதம். அப்புறம் வண்டி நின்றுவிடுகிறது. ஆள் ஜன்னலைப் பார்க்கிறார், கேமரா ஆளைப் பார்க்கிறது, நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். காசு இல்லாததைக் கலை என்று நம் தலையில் கட்டுகிறார்களா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி | 9 மார்ச் 2025

ஐந்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ‘அனோரா’ 60 லட்சம் டாலர், ‘தி புரூட்டலிஸ்ட்’ 1 கோடி டாலருக்குச் சற்றுக் கீழே, ‘சிங் சிங்’ 20 லட்சத்துக்கும் கீழே. இழுவைக்குக் காரணம் படத்துக்குப் படம் வேறு.

ஆனாலும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. அது ஷெட்யூலில் இருக்கிறது. 90 பக்க ஸ்கிரிப்டை 18 நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 5 பக்கம் எடுத்தாக வேண்டும். பெரிய ஸ்டூடியோ படத்தில் ஒரு நாளைக்கு 2 பக்கம் எடுத்தாலே நல்ல நாள்.

இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசும் காட்சியை முறையாக எடுக்க ஐந்து கோணம் வேண்டும். மாஸ்டர் (இருவரையும் சேர்த்து முழுக் காட்சியும் தெரியும் ஷாட்) ஒன்று, தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டு, குளோசப் இரண்டு. கோணம் மாறும்போதெல்லாம் லைட் மாறும், மைக் மாறும், பின்னணியில் தெரியும் சாமான் மாறும். ஒவ்வொன்றுக்கும் அரைமணியிலிருந்து முக்கால் மணி. காட்சி முடிவதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதையே ஒரே மாஸ்டரில் நாலைந்து டேக் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அடுத்த காட்சிக்குப் போகலாம். இண்டி படங்களில் நீண்ட ஷாட் இவ்வளவு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி ரசனை.

இதற்கான விலையை எடிட்டர் கொடுக்கிறார். ஐந்து கோணம் கையில் இருந்தால் 4 நிமிடக் காட்சியை இரண்டரை நிமிடமாக்கலாம். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவும் இடத்தில் நடுவே இருக்கும் நாலு வரியைத் தூக்கினால் யாருக்கும் தெரியாது. ஒரே ஷாட்டில் அப்படித் தூக்க முடியாது. முழுதாக வைக்கணும், இல்லை முழுதாக வெட்டணும். மூன்றாவது நிமிடத்தில் நடிகர் தளர்ந்தால் அந்தத் தளர்ச்சியும் சேர்ந்தே வரும். முதல் அரைமணியில் நமக்கு எல்லாமே புதுசு என்பதால் இது உறைக்காது. ஐம்பதாவது நிமிடத்தில் உறைக்கும்.

காதுமந்தம் | 10 மார்ச் 2025

ரீல்பெட்டி சொன்ன கணக்கு சரி, ஆனால் ‘அனோரா’வுக்குப் பொருந்தாது. அதில் பெரிய வீட்டுக்குள் மூன்று அடியாட்கள் வந்து மாட்டிக்கொள்ளும் காட்சி ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுகிறது. அதை எடுக்க மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் செலவழித்தார்கள். இயக்குநர் ஷான் பேக்கர் அங்கே கோணத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அவரே எடிட்டரும்கூட.

ரீல்பெட்டி | 10 மார்ச் 2025

பொருந்தாதுதான். அதைவிட முக்கியமானது, அந்த அரைமணிதான் படத்தின் உச்சம். காசை எங்கே கொட்டினார், எங்கே இறுக்கினார் என்று பாருங்கள். 139 நிமிடப் படத்தில் நடுவே வரும் ஒரே வீட்டுக்கு அத்தனை நாள் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நியூயார்க்கின் பிரைட்டன் பீச், கோனி ஐலண்ட் பக்கம் இரவில் ஓடிப்போன பணக்காரப் பையனைத் தேடி அலையும் பகுதி சரசரவென்று கடை கடையாகப் போகிறது. பின்வரிசை சொல்லும் இழுவை வருவது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரே செய்தியை (பையன் இங்கே இல்லை) நாலைந்து இடத்தில் திரும்பச் சொல்கிறது. இதற்குக் காசு காரணமில்லை, எழுத்துதான் காரணம். திரைக்கதை, எடிட்டிங் இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கிய படத்தைப் பற்றி இப்படிச் சொல்வது வம்புதான், பரவாயில்லை.

கடைசி காரில் வைப்பர் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றையும் வைக்காமல் விட்டிருப்பதற்காக அந்த அலைச்சலை மன்னிக்கலாம். இசை போட்டிருந்தால் செத்திருக்கும்.

பின்வரிசை | 10 மார்ச் 2025

சரி, ‘குட் ஒன்’? அதில் ஒன்றுமே நடக்கவில்லையே தல.

ரீல்பெட்டி | 11 மார்ச் 2025

நடக்கிறது, ஒரே ஒரு வாக்கியத்தில் நடக்கிறது. அதைத் தவறவிட்டால் படமே போச்சு. (பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அப்பா, அப்பாவின் நண்பர், 17 வயது மகள். கேட்ஸ்கில்ஸ் மலையில் நடைப்பயணம். இரவு நெருப்பு பக்கத்தில் நண்பர் அந்தப் பெண்ணிடம் ஒரு வரி சொல்கிறார். குரலை உயர்த்தவில்லை, இசை இல்லை, கேமரா நகரவில்லை. பெண்ணின் முகம் மட்டும் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. மறுநாள் அதை அப்பாவிடம் சொல்கிறாள், அவர் கடந்து போகிறார். அந்த இரண்டாவது அடிதான் படம். அதுவரை முக்கால் படமாக அவள் இரண்டு ஆண்களுக்கும் சமைத்து, பாத்திரம் கழுவி, புலம்பலைக் கேட்டு ‘நல்ல பிள்ளை’யாக இருப்பதையெல்லாம் காட்டியது இதற்காகத்தான். பையில் கல் நிரப்பும் காட்சி வரும்போது வசனமே தேவைப்படவில்லை.

இயக்குநர் இந்தியா டொனால்ட்சன் இதை 12 நாளில் எடுத்தார். மூன்று நடிகர், ஒரு காடு, பகல் வெளிச்சம். 89 நிமிடத்தில் முடித்துவிட்டார். நாள் குறைவு என்று தெரிந்தே 12 நாளில் எடுக்கக்கூடிய கதையை எழுதியிருக்கிறார். 40 நாள் கேட்கும் கதையை 20 நாளில் எடுப்பவர்களின் படம்தான் நடுவில் மூச்சு வாங்குகிறது.

காதுமந்தம் | 11 மார்ச் 2025

அந்த வரி கேட்கவே இல்லை என்று பலர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். குற்றம் படத்தின் மேல் இல்லை, டிவியின் மேல். விளக்கமாகவே போடுகிறேன், எல்லா இண்டி படத்துக்கும் உதவும்.

5.1 மிக்ஸில் (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) பேச்சு அநேகமாக நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஆப் 5.1ஐ அனுப்பி, டிவி அதை இரண்டாக மடக்கும்போது பேச்சு அமுங்கி, காற்றும் பூச்சியும் மேலே வருவதுண்டு. செய்ய வேண்டியது:

ஆப்பின் ஆடியோ மெனுவில் 5.1 வேண்டாம், ஸ்டீரியோவை எடுங்கள். டிவியில் ‘சரவுண்ட்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். சவுண்டுபார் வைத்திருப்பவர்கள் நடு சேனலை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள், அதற்கு மேல் போனால் குரல் டப்பாவாகும். இரவு மோடு இண்டி படத்துக்குக் கூடாது. சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ‘ஜேனட் பிளானட்’டில் பூச்சிச் சத்தம்தான் கிட்டத்தட்ட பின்னணி இசை. இரவு மோடில் அது ஃபேன் சத்தமாகிவிடும்.

வரிவசனத்தை (சப்டைட்டில்) போட்டுக்கொண்டு பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ரீல்பெட்டி | 11 மார்ச் 2025

படத்துக்கும் இதே கதைதான். ‘ஜேனட் பிளானட்’, ‘சிங் சிங்’ இரண்டும் 16 மிமீ பிலிமில் எடுத்தவை. துகள் துகளாகத் தெரியும் கிரெயின்தான் அவற்றின் தோல். ஸ்ட்ரீமிங் கம்பிரஷனுக்குக் கிரெயின் என்றால் ஆகாது. ஒவ்வொரு பிரேமிலும் புள்ளிகள் இடம் மாறுவதால் முந்தைய பிரேமைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க முடியாது, பிட்ரேட் (நொடிக்கு அனுப்ப வேண்டிய டேட்டா) பிய்த்துக்கொள்ளும். டேட்டா சேவரில் பார்த்தால் கிரெயின் கரைந்து முகம் மெழுகாகும். அப்புறம் ‘ஒளிப்பதிவு சுமார்’ என்று விமர்சனம் வரும். டேட்டா சேவரை அணையுங்கள், டிவியில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, ‘மோஷன் ஸ்மூத்திங்’ இரண்டையும் அணையுங்கள். இரண்டாவதை விட்டுவைத்தால் 24 பிரேம் படம் மெகா சீரியலாகிவிடும்.

பின்வரிசை | 14 மார்ச் 2025

அணைத்தேன். ‘ஜேனட் பிளானட்’ வேறு படமாகத் தெரிகிறது. ஆனாலும் மெதுவாகத்தான் போகிறது!

‘புரூட்டலிஸ்ட்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. 215 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவேளையைப் படமே திரையில் கடிகாரம் போட்டுத் தருகிறது. நம்மூர் தியேட்டரில் எந்த ஆங்கிலப் படமானாலும் பாதி வாக்கியத்தில் வெட்டி இடைவேளை விடுவார்கள். கடைசியில் ஒரு அமெரிக்கர் நம் அருமை தெரிந்து படம் எடுத்திருக்கிறார்.

ரீல்பெட்டி | 14 மார்ச் 2025

அந்த இடைவேளைக்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். முந்தியது என் கணக்கில் இந்தப் பத்தாண்டின் நல்ல அமெரிக்கப் படங்களில் ஒன்று. அந்தப் படிப்பறைக் காட்சியைப் பாருங்கள். கதவு போன்ற தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து திறக்க, பின்னால் மறைந்திருந்த புத்தக அலமாரி வெளிப்படும், நடுவே ஒரே ஒரு நாற்காலி. கட்டடக் கலைஞன் யார் என்று ஒரு வசனமும் பேசாமல் தெரிந்துவிடுகிறது. பின்பாதியில் அதே இயக்குநர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறார். இத்தாலியின் கராரா பளிங்குச் சுரங்கத்தில் நடக்கும் கொடுமை, ‘பணம் கலையை என்ன செய்யும்’ என்று முதல் பாதி மறைமுகமாகச் சொன்னதற்குக் கோனார் நோட்ஸ். 1980 வெனிஸ் பின்னுரையில் ஒருவர் மைக்கைப் பிடித்து கட்டடங்களின் அர்த்தத்தையே விளக்குகிறார். அந்த விளக்கத்தை நம்பக் கூடாது என்பதுதான் உள்குத்து என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது.

இந்தப் படத்தை எடுத்த விஸ்டாவிஷன் முறை பற்றி நிறையப் பேர் தப்பாக எழுதுகிறார்கள், அதனால் ஒரு குறிப்பு. அது 70 மிமீ கேமரா கிடையாது. சாதாரண 35 மிமீ பிலிம்தான், கேமராவுக்குள் மேலிருந்து கீழே ஓடாமல் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு பிரேமுக்கு பிலிமின் ஓரத்தில் 4 துளைக்குப் பதில் 8 துளை. படம் இரண்டு மடங்கு பெரிது, செலவாகும் பிலிமும் இரண்டு மடங்கு. சாதாரண 35இல் 1000 அடி ரோல் 11 நிமிடம் வரும், இதில் ஐந்தரை நிமிடம்தான். 1954இல் பாரமவுண்ட் கொண்டுவந்தது, 1961க்குப் பிறகு முழுநீள அமெரிக்கப் படத்துக்கு யாரும் தொடவில்லை, எஃபெக்ட்ஸ் ஷாட்டுகளுக்கு மட்டும் பிழைத்திருந்தது. 1 கோடி டாலருக்குள் இதில் படம் எடுக்கத் துணிந்தது பைத்தியக்காரத்தனம். ஒளிப்பதிவாளர் லோல் கிராலிக்கு ஆஸ்கர் கொடுத்ததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தியேட்டரில் நாம் பார்த்த 70 மிமீ பிரிண்ட், அந்த நெகட்டிவிலிருந்து வந்த வெளியீட்டு வடிவம்.

காதுமந்தம் | 15 மார்ச் 2025

ஹங்கேரிய வசனத்தில் உயிரெழுத்துகளை ஏஐ வைத்துத் திருத்தியதாக ஜனவரியில் ஒரு கலவரம் நடந்ததே, அதைப் பற்றி? எடிட்டரே ஹங்கேரியர், தன் குரலையும் அதற்குக் கொடுத்ததாகச் சொன்னார். தப்பில்லை என்பது என் கட்சி. பல வருஷமாக வரி வரியாக டப்பிங்கில் வெட்டி ஒட்டிச் செய்த வேலையை வேகமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே டைட்டிலில் போட்டிருக்க வேண்டும்.

ரீல்பெட்டி | 15 மார்ச் 2025

டைட்டிலில் போட்டிருந்தால் கலவரம் முன்னாடியே நடந்திருக்கும், அவ்வளவுதான்.

பின்வரிசை | 30 மார்ச் 2025

இண்டி படங்களுக்குப் பேர்போன சண்டான்ஸ் விழா 2027இலிருந்து யூட்டாவின் பார்க் சிட்டியை விட்டு கொலராடோவின் போல்டர் நகருக்குப் போகிறதாம். இதனால் படங்கள் மாறுமா?

ரீல்பெட்டி | 31 மார்ச் 2025

ஊர் மாறுவதால் படம் மாறாது. படத்தை மாற்றுவது விழாவின் காலண்டர். விழா ஜனவரியில், படம் அனுப்பக் கடைசித் தேதி ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். கோடையில் எடுத்துவிட்டு ஆறேழு வாரத்தில் ஒட்டிய எடிட்டை அனுப்புவார்கள். தேர்வானால் டிசம்பர் முழுக்க மிக்ஸிங், கலர், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் கோப்பு) என்று ஓட்டம். இந்த அவசரத்தில் ‘இந்தக் காட்சியை ஒரு மாதம் ஆறப் போட்டுவிட்டுப் பார்க்கலாம்’ என்பதற்கு இடமே இல்லை. பத்து நிமிடம் கூடுதலாக இருப்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. எந்தப் பத்து நிமிடம் என்று கண்டுபிடிக்கத்தான் நேரமில்லை.

பெரிய ஸ்டூடியோ என்றால் ரீஷூட்டுக்கு முதலிலேயே பணம் ஒதுக்கும். இங்கே நடிகர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார், வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், மரத்தில் இலை உதிர்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம், இண்டி பட்ஜெட்டுகள் ஏன் சில எண்களுக்குக் கீழேயே குவிகின்றன தெரியுமா? நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் குறைந்த பட்ஜெட் ஒப்பந்தங்களில் 3 லட்சம், 7 லட்சம், 20 லட்சம் டாலர் என்று படிகள் உண்டு. ஒரு டாலர் தாண்டினாலும் அடுத்த படியின் சம்பளம் கொடுக்க வேண்டும்.

காதுமந்தம் | 2 ஏப்ரல் 2025

சம்பளம் என்றதும் ‘சிங் சிங்’. நட்சத்திரத்திலிருந்து உதவியாளர் வரை எல்லாருக்கும் ஒரே தினக்கூலி, படத்தின் உரிமையிலும் பங்கு. கோல்மன் டொமிங்கோவுக்கும் அதே. சிறையில் இருந்து வெளிவந்த கிளாரன்ஸ் மாக்லின் தன் பெயரிலேயே நடித்தார். படம் பிடித்ததா இல்லையா என்பதைத் தாண்டி, இந்த ஏற்பாட்டை மற்றவர்கள் காப்பி அடிக்க வேண்டும்.

ரீல்பெட்டி | 2 ஏப்ரல் 2025

ஏற்பாடு திரையிலும் தெரிகிறது. நாடகப் பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு ‘உனக்கு நிறைவான இடம் எது’ என்று சொல்லச் சொல்லும் காட்சி. கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது, யாரும் நட்சத்திரத்துக்காக ஒதுங்கி நிற்கவில்லை. அந்த முகங்களை விட்டு டொமிங்கோவின் விடுதலை முயற்சிக் கதைக்குத் திரும்பும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் வாசனை அடிக்கிறது.

பின்வரிசை | 20 ஏப்ரல் 2025

அழுகை, மௌனம், மலை எல்லாம் போதும். சிரிக்க ஏதாவது?

ரீல்பெட்டி | 20 ஏப்ரல் 2025

‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீவர்ஸ்’. ஒன்றரை லட்சம் டாலர், சுமார் 1500 எஃபெக்ட்ஸ் ஷாட், எல்லாம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில். கருப்பு வெள்ளை, வசனம் கிட்டத்தட்ட இல்லை. பீவர்கள் (அணை கட்டும் விலங்கு) என்றால் மாஸ்காட் உடுப்பு போட்ட மனிதர்கள்தான், அதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய உடுப்புகளை வாங்கி நகலெடுத்து நூற்றுக்கணக்காகப் பெருக்கியிருக்கிறார்கள்.

வேலை எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். பனி வெள்ளை, வானமும் வெள்ளை, ஆகவே ஒட்டிய விளிம்பு தெரியாது. கருப்பு வெள்ளை என்பதால் வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளின் நிறம் பொருந்த வேண்டியதில்லை. உடுப்பு மலிவாகத் தெரிந்தால் அதுவே ஜோக். குறை எதுவோ அதைக் கண்ணுக்கு நேராக வைத்துவிட்டார்கள். விநியோகஸ்தர் தலையில் கட்டாமல் ஊர் ஊராகத் தாங்களே கொண்டுபோய்த் திரையிட்டார்கள். பின்வரிசையின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல மறுப்பு என்னிடம் இல்லை.

108 நிமிடம் கொஞ்சம் அதிகம்தான். முதல் இருபது நிமிடம் பொறி வைக்கத் தெரியாமல் விழுந்து எழுவது நீள்கிறது. பொறுங்கள், அங்கே தோற்ற ஒவ்வொரு பொறியும் பின்னால் வேலை செய்யும்.

பின்வரிசை | 22 ஏப்ரல் 2025

வயிறு வலிக்கிறது. நன்றி கிடையாது, ஏன் முதல் நாளே சொல்லவில்லை?

காதுமந்தம் | 26 அக்டோபர் 2025

இழையை எழுப்புகிறேன். ‘தி மாஸ்டர்மைண்ட்’ பார்த்தவர் உண்டா? கெல்லி ரைகார்ட் திருட்டுப் படம் எடுத்தால் திருட்டு அரைமணியில் முடிந்து, மீதியெல்லாம் திருடியதை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும் கதை.

ரீல்பெட்டி | 27 அக்டோபர் 2025

திருடிய ஓவியங்களைக் களஞ்சியத்தின் பரணில் ஏற்றும் காட்சிக்காகவே பார்க்கலாம். ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறு, வை, இறங்கு, அடுத்ததை எடு. வெட்டி இரண்டு ஷாட்டில் முடித்திருக்கலாம். முடிக்காததால்தான் இந்த ஆள் எவ்வளவு தத்தி என்று நமக்குத் தோள்வலியோடு புரிகிறது. ரைகார்ட் தன் படத்தைத் தானே எடிட் செய்பவர், ஷாட்டின் நீளம் கணக்குப் போட்டு வைத்தது. கோணம் இல்லாததால் நீளும் ஷாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: நீளும்போது ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஏணியில் தெரிகிறது. மார்ச்சில் நான் எழுதிய ‘பாதி காசு, பாதி ரசனை’க்கு இந்தச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி அரைமணி ஊர் ஊராக ஓடும் பகுதியில் அந்தச் சோதனையில் ரைகார்டே தடுமாறுகிறார்.

பின்வரிசை | 30 நவம்பர் 2025

‘டிரெயின் டிரீம்ஸ்’ என் வீட்டில் நெட்பிளிக்ஸில். சண்டான்ஸில் வாங்கியது. இயற்கை வெளிச்சம், மரம், ரயில் பாலம், எல்லாம் அழகு. ஆனால் ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரு கதைசொல்லியின் குரல் வந்து பொழிப்புரை சொல்கிறது. ரீல்பெட்டியின் மௌனம் எங்கே போச்சு?

ரீல்பெட்டி | 30 நவம்பர் 2025

மெதுவாகப் போகிறது என்று புலம்பியவர் இப்போது மௌனம் கேட்கிறார்! ஆனால் புகார் நியாயம். டெனிஸ் ஜான்சனின் குறுநாவல் நடையை விட மனமில்லாமல் வாசகத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். தீக்குப் பிறகு ஜோயல் எட்ஜர்ட்டன் சாம்பலில் நிற்கும் இடத்தில் அந்த முகம் போதும்.

காதுமந்தம் | 28 டிசம்பர் 2025

‘மார்ட்டி சுப்ரீம்’ 6 கோடி டாலரைத் தாண்டியதாகச் செய்தி. இதுவும் இண்டியா?

ரீல்பெட்டி | 28 டிசம்பர் 2025

இண்டி படங்களுக்கான ஸ்பிரிட் விருதின் பட்ஜெட் கோடு 3 கோடி டாலர், அதன்படி இது வெளியே. பத்து லட்சத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கு அங்கே இயக்குநர் ஜான் கசவேட்டிஸ் பெயரில் தனி விருது இருக்கிறது. அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்பவர்கள் அந்தப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், பெரிய பெயர்கள் தானாகவே உங்களைத் தேடி வரும். ‘இஃப் ஐ ஹேட் லெக்ஸ் ஐட் கிக் யூ’ பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: குழந்தையின் முகத்தைக் காட்டாமல் குரலை வைத்தே கிட்டத்தட்ட முழுப் படத்தையும் ஓட்டுகிறார்கள், ஆகவே காதுமந்தம் சொன்ன ஸ்டீரியோ அமைப்பைப் போடாமல் உட்காராதீர்கள்.